செங்குவாங்: கிழங்கு உணவு, விதை நஞ்சு

ரோஜாக் உண்ணும்போது பற்களிடையே மொறுமொறுவென்று நொறுங்கும் வெண்ணிறத் துண்டுகளை வாசகர்கள் நன்கறிவர். அதுவே செங்குவாங். நம் நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் இதனை 'டர்னிப்' என்று அழைத்துப் பழகிவிட்டனர். உண்மையான டர்னிப் குளிர்நாட்டுப் பயிர். கடுகு, முட்டைக்கோசு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. நம் லயத்துக் கொல்லையின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. செங்குவாங்கோ அவரை இனத்துக் கொடி. மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இது, ஸ்பானியர் வழியாகப் பிலிப்பீன்சுக்கு வந்து இவ்வட்டாரத்தில் பரவியது.

1974ஆம் ஆண்டில் பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வெறுமனே விடாதீர்கள் என்று மக்களிடம் வலியுறுத்தப்பட்டது. அப்போது கத்தரியும் வெண்டையும் நட்டோர் பலர். செங்குவாங்கை நினைத்தோர் சிலரே. பால்வெட்டை முடித்துக் களைத்து வருவோருக்கு இதைப் போல் அதிகக் கவனிப்பு வேண்டாத பயிர் வேறு கிடைப்பது அரிது.

ரப்பர் இளங்கன்றுகளுக்கிடையே மண்ணை மூடிப் படரும் பியூராரியா, சென்ட்ரோசீமா முதலிய மூடுபயிர்களைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் போலவே செங்குவாங்கும் தன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகிறது. ஆகவே தழைச்சத்து உரத்தை இதற்கு அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. கொட்டினால் கொடி செழிக்கும், கிழங்கு சிறுக்கும். மக்கிய மாட்டெருவும் சிறிதளவு அடுப்புச் சாம்பலும் போதும்.

மண்ணை ஆழமாகக் கொத்தி, ஓரடி உயரத்திற்கு வரப்பாக அணைத்துக் கொள்ளுங்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால் வரப்பு உயர்ந்திருத்தல் இன்றியமையாதது. ஏறத்தாழ ஓரடி இடைவெளியில், குழிக்கு 2 விதைகளாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்தபின் நலிந்த நாற்றைப் பிடுங்கிவிடலாம். கொடி ஏறுவதற்குக் குச்சிகளை நட்டுவைப்பது நன்று.

பூக்கள் தோன்றியவுடன் அவற்றைக் கிள்ளிவிடுங்கள். கொடி காய்க்கத் தொடங்கினால் கிழங்கிற்குச் செல்ல வேண்டிய சத்து விதைக்குப் போய்விடும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நாமே இதைப் பொருட்படுத்தாமல், பள்ளித் தோட்டத்தில் விரற்கடைக் கிழங்கைத் தோண்டியெடுத்து மாணவர்முன் நாணி நின்றதுண்டு.

பூவைக் கிள்ளுவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. செங்குவாங்கின் விதையில் ரோட்டினோன் என்னும் நஞ்சு இருக்கிறது. முற்காலத்தில் தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீன் பிடித்ததைப் பெரியவர்கள் அறிந்திருப்பர். அந்த வேரில் மீனை மயக்கிய நஞ்சும் இதுவே. முற்றிய காய் அவரைக்காயைப் போலத் தோன்றுவதால், அறியாதோரும் விளையாடும் பிள்ளைகளும் ஏமாறக்கூடும். வேகவைத்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று எண்ணலாகாது, விதையைச் சமைத்து உண்டவர்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றனர், உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. வாயைச் சுற்றி மரத்துப் போதல், வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், எஞ்சிய விதையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இலையிலும் தண்டிலும்கூட நஞ்சு உண்டு. அறுவடைக்குப்பின் கொடியை ஆடுமாடுகளுக்குப் போடாதீர்கள். மீன் வாழும் ஓடையிலும் எறியாதீர்கள். குழிதோண்டிப் புதைத்து மக்க விடுங்கள். மறுபோகத்திற்கென ஒரு கொடியை மட்டும் காய்க்கவிட்டு, அதன் விதையை மூடியுள்ள தகர டப்பாவில் பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பயறு வைக்கும் அலமாரி அதற்கேற்ற இடமன்று.

நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் கிழங்கு எடுக்கலாம். மிகவும் முற்றவிட்டால் நார் பற்றிவிடும். தோலைச் சீவுவதைவிட, கத்தியால் நுனியைக் கிளப்பி உரித்தெடுப்பதே எளிது. தோலுக்கடியிலுள்ள நார்ப்படலமும் உடன் வந்துவிடும். உரிக்காத கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். கடுங்குளிரில் அது கெட்டுவிடும். காற்றோட்டமான உலர்ந்த மூலையே போதும்.

இனி, சமையல். அரைக்கிலோ கிழங்கைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கிக் கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி நெத்திலியைக் கழுவி, எண்ணெயில் பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கிழங்கைக் கொட்டிக் கிளறுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கிழங்கில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஐந்து நிமிடம் வதங்கியதும் தேங்காய்த் துருவலையும் நெத்திலியையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். நெத்திலியில் உப்பு உண்டாதலால், சுவைத்துப் பார்த்த பின்னரே உப்பிடுங்கள். வெந்தபின்னும் மொறுமொறுப்புச் சற்று எஞ்சியிருந்தால் பக்குவம் சரி.

பிள்ளைகளுக்குச் சமைக்கவே வேண்டாம். பள்ளிவிட்டு வந்ததும் உரித்த கிழங்கை உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவிக் கொடுத்தால் தட்டு உடனே காலியாகிவிடும்.