வீட்டு மராமத்தும் பாக்கித் தகராறும்



ஒரு மூட்டை துவரம்பருப்பு கடையை விட்டு வெளியே போனால் உடனே பில் போடுகிறோம். ஆனால் சொந்த வீட்டில் மராமத்து என்றால் வாய்ப்பேச்சோடு நிறுத்திக் கொள்கிறோம். இந்தத் தவறை நானும் செய்தேன்.

எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகியது. தட்டு ஓடு மாற்றிப் பதிக்க ஒரு மேஸ்திரியிடம் ரூ. 90,000 பேசி, தவணையாக ரூ. 60,000 கொடுத்திருந்தேன். கார்த்திகை தீபத்துக்கு முன் பெய்த மழையில் பூஜை அறை ஓரம் மறுபடியும் ஒழுகியது. மேஸ்திரியோ, கைப்பிடிச் சுவர் பூசியதற்கு ரூ. 12,000 சேர்த்து, பாக்கி ரூ. 42,000 என்றார்.

"முதல்ல ஒழுகலை நிறுத்துப்பா" என்றேன் நான். "காசைக் கொடுங்க முதலாளி, நாளைக்கே ஆளோட வர்றேன்" என்றார் அவர். மூன்று வாரம் பேச்சே இல்லை.

ஒருநாள் வேலைக்கு வந்த சித்தாள் அம்மா கடைக்கு வந்து, இரண்டு வாரக் கூலி நின்றுவிட்டது என்றார். சில்லறைக் கடைக்காரர் பாக்கியை இழுத்தடித்தால் நாம் எப்படித் தவிக்கிறோம்! அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே மேஸ்திரியை அழைத்துக் கணக்கு எழுதினோம். சுவரையும் பூசச் சொன்னது நான்தான். கூலி மட்டும் பேசவில்லை. அதை ரூ. 8,000 என்று முடித்தோம். ஆகப் பாக்கி ரூ. 38,000. அதில் ரூ. 26,000 உடனே கொடுத்தேன், ஒழுகலுக்காக ரூ. 12,000 மட்டும் நிறுத்தினேன். அவர் அந்த மூலையைப் பெயர்த்துப் பதித்தார். மழைநீர்க் குழாயை அடைத்து ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம், சொட்டவில்லை. மீதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

சமாதானம் ஆகாவிட்டால் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்கான சேவைக்கு இச்சட்டம் பொருந்தாது. வேலை செய்தவரும் 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டில் தம் பாக்கியைக் கேட்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எனவே வேலை தொடங்குமுன் என்ன வேலை, என்ன சாமான், என்ன கூலி, எப்போது தவணை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கூடுதல் வேலையை அன்றன்றே குறித்து வையுங்கள். தகராறு வந்தால் குறைக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்துங்கள். உழைத்தவர் கூலியை நிறுத்தாதீர்கள்.

கடைக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் வேண்டாம்.