நாயின் மருந்தும் நாயின் வயிறும்

எமது நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் நாய்களைப் பெரிதும் வாட்டுவது உண்ணிக்காய்ச்சல். இப்பெயரால் வழங்கும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்றை விளைப்பது ஏர்லிக்கியா கனிஸ் என்னும் பற்றீரியா. 1935ஆம் ஆண்டில் அல்சீரியா நாட்டு நாய்களிடம் இதனை முதன்முதற் கண்டறிந்தனர். வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினரின் நாய்கள் பல இந்நோயால் மடிந்தன. அதன் பின்னரே இதன் கொடுமை உலகிற்கு நன்கு புலனாயிற்று. கபில நிற நாயுண்ணி கடிக்கும்போது குருதியிற் புகும் இக்கிருமி, வெண்குருதிக் கலங்களின் உள்ளே தங்கிப் பெருகுகின்றது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, மெலிவு, சிலபோது மூக்கால் இரத்தம் வடிதல் என்பன நோயின் குறிகள்.

இதற்கு மருந்து உண்டு. டொக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியே அது. நாயின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், 28 நாட்களுக்கு இதனைக் கொடுப்பது பொதுவான முறை. குருதியைச் சோதித்து, நோயை உறுதிசெய்து, அளவை விதிக்க வேண்டியவர் மிருக வைத்தியரே. மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் நாய் எழுந்து நடமாடத் தொடங்குவதுமுண்டு. இடர் தோன்றுவதும் அப்பொழுதுதான். நோய் தீர்ந்ததென்று வீட்டார் எண்ணுகின்றனர். அவ்வேளையில் நாய் வாந்தியெடுத்தாலோ வயிற்றோட்டம் கண்டாலோ, மருந்தே கேடு செய்கின்றதெனக் கருதிக் குளிசையை நிறுத்திவிடுகின்றனர்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் யாமும் அவ்வாறே செய்தோம். எமது வீட்டு நாய் ஒன்பதாம் நாளில் உண்ண மறுத்தது. எஞ்சிய குளிசைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். நாய் தேறியது, வாலாட்டியது, யாமும் மகிழ்ந்தோம். சில மாதங்களின் பின்னர் நோய் மீண்டது. இம்முறை அது என்பு மச்சையைத் தாக்கியிருந்தமையால் வைத்தியராலும் காக்க முடியவில்லை. அன்று வயிற்றைப் பேணும் வழியை அறிந்திருந்தால் மருந்தை நிறுத்தியிரோம். அவ்வழியை ஏனையோரும் அறிதல் நன்று என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து வயிற்றைக் குழப்புவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இம்மருந்து இரைப்பையின் உட்சுவரை உறுத்தும் இயல்பினது; வெறுவயிற்றிற் கொடுத்தால் வாந்தி உண்டாகும். இரண்டாவது, குடலில் வாழும் பற்றீரியாக்களைப் பற்றியது. இவற்றுட் பல நாய்க்கு நண்பர்கள். நார்ப்பொருளை நொதிக்கச்செய்து பெருங்குடலின் சுவருக்கு ஊட்டமளிக்கும் அமிலங்களை ஆக்குவனவும், தீய கிருமிகள் பெருகாவண்ணம் இடத்தை நிறைத்திருப்பனவும் இவையே. நுண்ணுயிர்க்கொல்லியோ நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது. குருதியிலுள்ள கிருமியை அழிக்கச் சென்ற மருந்து குடலிலுள்ள நல்ல கூட்டத்தையும் குறைத்துவிடுகின்றது. வயிற்றோட்டம் அதன் விளைவு.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். குளிசையை உணவோடு கொடுத்தல் வேண்டும். கொடுத்தபின் சிறிது நீரோ மேலும் ஒரு பிடி உணவோ ஊட்டுதல் அவசியம். குளிசை உணவுக்குழாயில் தங்கினால் அவ்விடத்தைப் புண்ணாக்கும். பூனைகளில் இதனால் உணவுக்குழாய் சுருங்கி அடைபடுவதுமுண்டு. ஆதலின் பூனைக்கு வெறுங் குளிசையை விழுங்கக் கொடுத்தல் ஒருபோதும் தகாது.

பாலும் தயிரும் நல்லனவே. எனினும் அவற்றிலுள்ள கல்சியம் மருந்தோடு பிணைந்து, அது உடலிற் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்து மருந்தும் அத்தகையதே. குருதி குறைந்த நாய்க்கு அன்பினால் இரும்புச்சத்தையும் குளிசையையும் ஒருங்கே கொடுப்போர், ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிப்போராவர். இவற்றுக்கிடையே இரண்டு மூன்று மணித்தியாலமாவது இருத்தல் வேண்டும்.

உணவு எளிதாக இருக்கட்டும். குழைய வேகவைத்த சோறு, தோலும் கொழுப்பும் நீக்கி அவித்த கோழியிறைச்சி, சிறிது அவித்த பூசணி என்பன போதும். இவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். எமது வீடுகளிற் பெருந்தவறொன்று நிகழ்கின்றது. மீந்த கறிக்குழம்பைச் சோற்றிற் பிசைந்து நாய்க்கு இடுகின்றோம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பன. உண்ணிக்காய்ச்சலால் முன்னரே குருதி குறைந்த நாய்க்கு அக்குழம்பு நஞ்சாகும்.

குடலுக்கு நல்ல நுண்ணுயிர்களை ஊட்டும் முறையும் உண்டு. இவற்றுட் பற்றீரியாக்களாலான மருந்தை நுண்ணுயிர்க்கொல்லியோடு ஒருசேரக் கொடுத்தால் அதுவும் அழிந்துவிடக்கூடும். ஆதலின் சில மணித்தியாலம் கழித்துக் கொடுப்பர். சக்கரோமைசெஸ் புலார்டி என்பதோ ஒரு மதுவம். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து இதனைக் கொல்லாது. 1920களில் புலார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்தோசீனாவில் விளையும் லைச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இவை எல்லா நாய்க்கும் ஒரே வகையில் உதவுமென உறுதி கூறுதல் இயலாது. வைத்தியரின் சொற்படி பயன்படுத்துதல் நன்று.

இவ்வளவு செய்தும் நாய் ஒருநாள் முழுதும் உண்ணாவிடினும், மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தாலும், மலம் கரிய நிறமாகவோ இரத்தம் கலந்தோ போனாலும் உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். அவர் நாளுக்குரிய அளவை இரு வேளையாகப் பிரிக்கலாம், வாந்தியடக்கும் மருந்தளிக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நிறுத்தும் முடிவும் அவருடையதே.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. வெறும் வயிற்றோட்டம் கண்ட நாய்க்கு, அலுமாரியில் மீந்திருக்கும் குளிசையைக் கொடுப்போர் பலர். நாய்க்கு வரும் சாதாரண வயிற்றோட்டம் பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும். அங்கே நுண்ணுயிர்க்கொல்லி குடலை மேலும் குலைக்கும். முயலும் கினிப்பன்றியும் வளர்ப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்லுமென்பது 1943இலேயே அறியப்பட்டது. வாய்வழி கொடுக்கும் அமொக்சிசிலின் போன்றவை இச்சிறு பிராணிகளின் குடலில் நஞ்சுசெய்யும் பற்றீரியாக்கள் பெருக வழிவகுக்கும். ஒரு சில நாளில் உயிர் போய்விடும். ஒரு பிராணிக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கூற்றாவதுமுண்டு.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கும் வலிமை பெறும் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை மனிதருக்கு மட்டும் உரியதன்று. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒரே முற்றத்தில் வாழ்கின்றனர். ஒன்றிடம் வலிமை பெற்ற கிருமி மற்றவரிடமும் வருதல் கூடும்.

ஆகவே, வேண்டாதபோது கொடாதிருத்தலும், வேண்டியபோது முற்றாகக் கொடுத்தலும் ஆகிய இரண்டுமே கடமை. தன் வயிறு நோகின்றதென்று நாய் வாய்திறந்து சொல்லாது. உணவுக் கோப்பையை விட்டு விலகிப் படுப்பதே அதன் சொல். அதனைக் கவனித்து, உணவைத் திருத்தி, வைத்தியரை உசாவி, 28ஆம் நாட் குளிசையையும் கொடுத்து முடிப்பவரே அவ்வுயிரைக் காத்தவராவர்.