பழைய சர்வரில் புதிய பைத்தான்: வணிகர் கவனத்திற்கு



சித்திரையில் புதுக்கணக்கு எழுதுகிறோம். அதற்காக அன்றே பழைய பேரேட்டை எடைக்குப் போட்டுவிடுவதில்லை; வரவேண்டிய பாக்கியெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைக் கணிப்பொறிக்கும் இதே முறைதான்.

வில்லியனூரில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் 2018-ல் ஒரு சர்வர் வாங்கி, 'சென்ட் ஓ.எஸ். 7' என்ற லினக்ஸைப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். பில், ஸ்டாக், பாக்கி எல்லாம் 'ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்' மென்பொருளில் ஓடுகின்றன. இது மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கி, இலவசமாகவும் கிடைக்கும் மென்பொருள். இது பைத்தான் என்ற கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது.

ஓடுகிற சர்வரை ஏன் தொட வேண்டும்? பைத்தான் 2-க்கு ஆதரவு 1-1-2020-ல் முடிந்தது. சென்ட் ஓ.எஸ். 7-க்கு 30-6-2024-ல் முடிந்தது. இனி ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தர ஆளில்லை. 22-9-2025-ல் பிஸ்கட், சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமானது போன்ற விகித மாற்றத்தை நாமே பதிந்துகொள்ளலாம். ஆனால் மென்பொருளின் புதிய வசதிகள் புதிய பதிப்பில்தான் வரும். 2022-ல் வந்த 14-ஆம் பதிப்புக்குப் பைத்தான் 3.10 தேவை.

இங்கேதான் ஆபத்து. "பழைய பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன்" என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அந்த லினக்ஸில் மென்பொருள்களை நிறுவித் தரும் 'யம்' என்ற கருவியே பைத்தான் 2.7-ஐ நம்பி நிற்கிறது. அதை எடுத்தால் யம் படுத்துவிடும். பழையதைத் தொடாமல், புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் நிறுவுவதே முறை.

அதிலும் ஒரு சிக்கல். பைத்தான் 3.10-க்கு 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' 1.1.1 வேண்டும், அந்த லினக்ஸோடு வருவது 1.0.2. இதையும் தனியாகப் போடலாம். ஆனால் ஆதரவு முடிந்த லினக்ஸில் ஒட்டுப்போடுவது, கரையான் அரித்த பரணில் புது மூட்டை ஏற்றுவது போலத்தான். ஆகவே வேறொரு கணிப்பொறியில் புதிய லினக்ஸ் போட்டு மாறுவதே நல்லது. உபுண்டு 22.04-ல் பைத்தான் 3.10 கூடவே வருகிறது.

செய்ய வேண்டியவை:

1. கணக்கு முழுவதையும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

2. அந்த நகலைப் புதிய கணிப்பொறியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத நகல் நகலே அல்ல.

3. மென்பொருளை ஒரே தாவலாக உயர்த்தாமல் 11, 12, 13, 14 என்று படிப்படியாக உயர்த்தச் சொல்லுங்கள்.

4. ஒரு வாரம் இரண்டிலும் பில் போட்டு, நாள் மொத்தம், ஸ்டாக், ஒவ்வொருவர் பாக்கி மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

5. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டி இந்த வேலையை வைக்க வேண்டாம்.

கணக்கு ஒத்துப்போன பிறகும் பழைய சர்வரை, இணையத் தொடர்பைத் துண்டித்து, ஓர் ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள். சர்வர் போனால் இன்னொன்று வாங்கலாம்; யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.