சுவரில் தொங்கும் தனிம அட்டவணை

எங்கள் தோட்டப் பள்ளியின் அறிவியல் மூலையில் நெடுங்காலமாகத் தனிம அட்டவணை ஒன்று தொங்கியது. இடைநிலைப்பள்ளிக்குப் போன பழைய மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது 105-இல் நிற்கிறதே, எங்கள் புத்தகத்தில் 118 இருக்கிறது" என்றாள். ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869-இல் அட்டவணை வகுத்தபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63. பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மிகக் கனமானவை இயற்கையில் கிடைத்தவையல்ல. ஆய்வுக்கூடத்தில் அணுக்களை மோதவிட்டு ஆக்கியவை. 113, 115, 117, 118 ஆகிய நான்குக்கும் 2016 நவம்பரில்தான் நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசன் என்ற பெயர்கள் உறுதியாயின. ஆகவே, வாங்கப்போகும் அட்டவணையில் முதலில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஓகனெசன் இல்லாமல் 'உனுனோக்டியம்' என்றிருந்தால் அது பழையது.

எண்களும் மாறுவதுண்டு. பினாங்கு டத்தோ கெராமாட் சாலையில் ஒரு காலத்தில் உருக்காலை ஓடியதே, அந்த ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். (நாம் ஈயம் என்பது வெள்ளீயம், காரீயம் வேறு.) பழைய அட்டவணைகளில் அதன் அணு எடை 118.69; இப்போது 118.71. ஈயம் மாறவில்லை, அளக்கும் கருவி நுட்பமாயிற்று.

செம்பனைக்குப் போடும் உரச்சாக்கில் என், பி, கே என்று மூன்று எழுத்துகள் உண்டல்லவா? நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். பொட்டாசியத்துக்கு ஏன் 'கே' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் லத்தீன் பெயர் காலியம்; மலாய்ப் பாடநூலிலும் 'காலியம்' என்றே வருகிறது. உரம் போடும் அப்பாவே வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

வேதியியலாளரின் அனைத்துலக ஒன்றியமான ஐயூபேக் தன் அட்டவணையை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. தாளின் அடியில் அது எந்த நாளைய பதிப்பு என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் இல்லாத அட்டவணையை நாங்கள் இப்போது வாங்குவதில்லை. வீட்டில் இணைய வசதி இல்லாதோர் ஜார்ஜ் டவுன் வரும்போது கிரீன் லேனிலுள்ள மின்னியல் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய அட்டவணையை நாங்கள் எறியவில்லை. புதியதன் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம். எந்தெந்தக் கட்டம் கூடியது என்று பிள்ளைகள் விரல் வைத்து எண்ணுகிறார்கள்.