குளிர்நாட்டில் பிள்ளை வாங்கும் விறகு அடுப்பு: தோட்டத்து அனுபவம் எதுவரை உதவும்?

அம்பாங்கில் வீட்டைச் சூடாக்க யாரும் அடுப்பு வாங்குவதில்லை. ஆனால் கென்பராவிலும் மெல்பர்னிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் குடியேறிய நம் பிள்ளைகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை அது பெரிய கேள்வி. கென்பராவில் ஜூலை இரவுகளில் வெப்பநிலை அடிக்கடி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வரவேற்பறையில் விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்பு வைக்கலாமா என்று மகளோ மகனோ கேட்டால், தோட்டத்தில் வளர்ந்த பெற்றோர், "விறகு அடுப்புதானே, எங்களுக்குத் தெரியாததா?" என்பார்கள். அது பாதிதான் உண்மை.

மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரமே லயத்து வீடுகளில் விறகு. புகை கூரை இடுக்கு வழியாக வெளியேறிவிடும். குளிர்நாட்டு வீடோ காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டியது. அங்கே புகைக்கு ஒரே வழி, புகைபோக்கி.

ரப்பர் சீட்டுகளைக் காயவைத்த புகை வீட்டில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். காற்றைக் குறைத்தால் விறகு கனன்று நிறையப் புகை தரும். அங்கே அதுதான் தேவை. கணப்படுப்பில் அதுவே பெரிய கேடு.

பலரும் செய்யும் முதல் தவறு, தேவைக்கு மேல் பெரிய அடுப்பு வாங்குவது. அறை சீக்கிரம் கொதித்துவிட, காற்றுத் திறப்பை மூடிவிடுவார்கள். தீ கனலாகி, எரியாத புகை புகைபோக்கியில் தார் போலப் படியும். ஒருநாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும். சின்ன அடுப்பு நன்றாகச் சுடர்விட்டு எரிவதே நல்லது. பிரிட்டனில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: அறையின் கன அளவை 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறைக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் போதும். சுவரும் கூரையும் குளிரைத் தடுக்காத பழைய வீடென்றால் கொஞ்சம் கூடும்.

அடுத்தது விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; கடின மரம் அந்த அளவுக்குக் காய ஓராண்டு, ஈராண்டுகூட ஆகும். ஈரம் அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்து 'டங்' என்று கேட்டால் காய்ந்தது என்று பாட்டிமார் சொன்னதும் இங்கே செல்லும்.

புதிய அடுப்புகளில் மேல்பக்கமாகவும் சூடான காற்று நுழைந்து புகையையே எரிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019 முதல், ஒரு கிலோ விறகுக்கு 1.5 கிராமுக்கு மேல் துகள் வெளிவரக்கூடாது, திறன் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது தரநிலை. நியூசிலாந்து நகர்ப்புறங்களில் 65 விழுக்காடு. மலிவாகக் கிடைக்கும் பழைய அடுப்பை வாங்கிப் பொருத்துவதை மறந்துவிடலாம்.

உயிரைப் பறிப்பது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று சளிக்காய்ச்சல் போலவே தொடங்கும். நம் வீடுகளுக்கென்றே ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. தாளிப்பு நெடி போக அடுப்படியில் வலுவான புகையுறிஞ்சியைப் போடுவோம். சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தால், அது கணப்படுப்பின் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடும். சமைக்கும் நேரத்தில் ஒரு சன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பேரப்பிள்ளைக்குக் குளிருகிறதே என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது எந்த நாட்டிலும் கூடாது.

அக்கம்பக்கத்தாரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். தாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரில் 2001 முதல் விறகு அடுப்புகளை மாற்ற அரசு உதவியது. குளிர்காலக் காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27ஆக இறங்கியது. அந்த மாதங்களில் சுவாச நோய் மரணங்களும் குறைந்தன. கென்பராவில் 2045க்குள் விறகு அடுப்புகளைப் படிப்படியாக நிறுத்துவது அரசின் திட்டம்.

ஆகவே நகரில் இருந்துகொண்டு விறகைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு, குளிரூட்டியும் சூடேற்றியுமாக இயங்கும் ஏர்கோன் பெரும்பாலும் லாபம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் சூடு தரும். சொந்த நிலமும் மரமும் உள்ளவருக்கோ, மின்சாரம் அடிக்கடி தடைபடும் ஊரில் இருப்பவருக்கோ விறகு அடுப்பு பொருந்தும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். நகராண்மை அனுமதியும் உரிமம் பெற்றவர் பொருத்தியதற்கான சான்றும் இல்லாவிட்டால், தீ விபத்தின்போது காப்புறுதி இழப்பீடு சிக்கலாகிவிடும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துத் துடைக்க வேண்டும்.

சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைக்கக்கூடாது. உள்ளே கங்கு சில நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து, முழுதும் ஆறிய பிறகு கறிவேப்பிலைச் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம்.