பச்சைக் குழந்தைக்குப் பழைய வேட்டி

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை ஆயத்தப்படுத்தும் தாய்மார் இப்போது மறக்காமல் வைப்பது ஒரு பைக்கற் 'பம்பஸ்'. பிறந்து ஒரு கிழமையாகிய குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கும். மலம் வேறு. கூலி வேலையில் சீவிக்கும் குடும்பம் இதற்கு எத்தனை பைக்கற் வாங்குவது? 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறியபோது இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்தது.

ஒட்டுசுட்டான் பகுதிக்கு இது புதிய பாடம் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரமே அரிது. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த காலம் அது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கும் வரிசை. அந்நாட்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இன்று அம்மம்மாமார். துணி கட்டும் விதத்தை அவர்களிடமே கேளுங்கள்.

தோய்த்துத் தோய்த்து மெதுவான பருத்தி வேட்டியும் சேலையுமே முதற்தரம். நைலோன் கலந்த துணி ஈரத்தை உறிஞ்சாது. முக்கால் யார் சதுரமாக வெட்டி ஓரம் அடித்து இருபது துண்டு வைத்திருந்தால் கோடையில் போதும். மாரியில் இன்னும் நாலைந்து வேண்டும். புதுத்துணியானால் கட்டுமுன் மூன்று நான்கு தரம் தோய்த்துக் கஞ்சிப்பசையைப் போக்க வேண்டும். முக்கோணமாக மடித்து, தொப்புளுக்குக் கீழே நிற்கும்படி தளர்வாகக் கட்டுங்கள். கொடி விழும்வரை அதன்மேல் ஈரத்துணி படக்கூடாது; சாம்பலோ பவுடரோ போடவும் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் போகும் கரும்பச்சை மலம் பிசின்போல ஒட்டும். சிறிது தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் இலகுவாக வரும்.

நாம் அதிகம் வற்புறுத்துவது தோய்க்கும் இடத்தைப் பற்றியே. பால்குடிப் பிள்ளையின் மலத்தில் கிருமி இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மலத்தை மலகூடத்தில் கொட்டிவிட்டு, கிணற்றுக்கட்டிலிருந்து தள்ளி, வாளியில் நீர் அள்ளித் தோய்க்க வேண்டும். முத்தையன்கட்டு வாய்க்காலில் அலசினால் கீழே குளிப்பவர்கள் பாடு என்ன? சவர்க்காரம் முற்றாகப் போகும்வரை அலசுங்கள். தங்கினால் தோல் சிவக்கும். டெற்றோலும் வேண்டாம், நல்ல வெயில் போதும். செக்கலுக்கு முன் கொடியிலிருந்து எடுக்கச் சொல்லும் கிழவிகளின் பேச்சிலும் காரணம் உண்டு: பனியும் பூச்சியும் படாது.

தோல் சிவந்தால் சிறிது நேரம் கட்டாமல் விடுங்கள். மாறாவிட்டால், அல்லது கொப்புளம் போட்டால், மருத்துவமாதிடம் காட்டுங்கள்.

ஐப்பசிக்குப் பின் துணி காய்வது பெரும்பாடு. தாழ்வாரத்தில் கொடி கட்டி, அடுப்புப் புகை படாமல் காயவிடலாம். ஈரலிப்போடு கட்டக்கூடாது. கிளினிக்குக்குப் போகும் நாளில் ஒரு பம்பஸ் கட்டுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. நனைந்ததும் மாற்றுங்கள், கழற்றியதை மலகூடக் குழிக்குள் மட்டும் போடாதீர்கள். அது உக்காது, குழிதான் நிரம்பும்.