இசைக்குழு பிறக்கும் விதம்

முன்னுரை

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயில் நாதசுரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே ஊர்ப்பக்கத்தில் பறையொலி எழுந்தால், "யார் வீட்டில் சாவு?" என்று கேட்பதும் எங்கள் வழக்கம். என் வகுப்புத் தோழன் ஒருவன் அருமையாகப் பறை அடிப்பான். ஆயினும் கல்லூரி விழாவுக்கு அதனைக் கொண்டுவரத் தயங்குகிறான். "அது மேடை ஏறுகிற பொருளா?" என்பது அவன் கேள்வி. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்க் இசை

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுந்தது 'பங்க்' இசை. நெடுநாள் பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் உடையவர்க்கே மேடை என்ற எண்ணத்தை அது எதிர்த்தது. கிதாரில் மூன்று 'கார்டு' வாசிக்கத் தெரிந்தால் போதும். பாட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த வேகத்தோடு மனத்தில் நிற்கும் எளிய மெட்டும் சேர்ந்தால் அது 'பாப் பங்க்'. பெரிய நிறுவனங்களைச் சாராமல் தாமே இசைத்தட்டு வெளியிடுவோரை 'இண்டி' குழுவினர் என்பர்.

ஓர் அறிவிப்புப் பலகை

1975ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் போல்ட்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவர், தம்மோடு சேர்ந்து இசைக்க ஆள் வேண்டும் என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார். ஹோவர்டு டெவோட்டோ என்று பின்னர் அறியப்பட்டவர் அவர். பீட் ஷெல்லி என்ற மாணவர் வந்து சேர்ந்தார். 'பஸ்காக்ஸ்' குழு பிறந்தது. 1976 ஜூலையில் மான்செஸ்டரில் அவர்கள் மேடையேறினர். அவ்வாண்டு டிசம்பரில், நண்பர்களிடமும் உறவினரிடமும் கடன் வாங்கி நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தனர். 1977 ஜனவரியில் அந்த இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1000 படிகளே. அவை விற்றுத் தீர்ந்து, மீண்டும் மீண்டும் அச்சிட நேர்ந்தது.

சென்னையில் ஒரு குழு

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு எனலாம். நம் தலைநகரிலேயே இதற்கு இணையான முயற்சி நிகழ்ந்துள்ளது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து, 2017இல் பாடகரையும் கருவி இசைப்போரையும் தேடித் திரட்டினர். பத்தொன்பது பேர் கொண்ட அக்குழுவுக்கு, அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையை ஒட்டிச் சாதியற்றோர் குழு என்ற பொருளில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயரிட்டனர்.

சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானா, பறை, சட்டி மேளம் ஆகியவை கிதாருக்கும் டிரம்சுக்கும் சமமாக நின்றன. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் முதல் நிகழ்ச்சி நடந்தது. இடஒதுக்கீடு, உணவு உரிமை, வடசென்னை வாழ்க்கை ஆகியவையே பாடுபொருள்கள். அவ்வாண்டே 'மகிழ்ச்சி' என்ற இசைத்தொகுப்பும் வெளிவந்தது. குழுவின் ஒரே பெண் பாடகரான இசைவாணி, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அரக்கோணத்து இளைஞரான அறிவு, 2021இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' வாயிலாக உலகறிந்த பாடகரானார்.

முடிவுரை

இவ்விரு குழுக்களின் இசை வேறு, நாடு வேறு. ஆனால் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. கருவிக்கு உயர்வும் தாழ்வும் இயல்பில் இல்லை. மனிதர் கற்பித்தவையே அவை. சொல்வதற்கு ஒரு செய்தியும், சேர்ந்து நிற்கத் தோழர் சிலரும் இருந்தால் குழு பிறந்துவிடும். மேடை பிறகு வரும்.

மாணவத் தோழர்களே! நம் கல்லூரியிலும் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளைப் பார்க்க மட்டுமே அதன் முன் நிற்கிறோம். அடுத்த ஆண்டு அதில் "பாட விரும்புவோர் வருக" என்று ஒரு தாள் ஒட்டப்படுமாயின், அதனடியில் முதற்பெயராக என் தோழனின் பெயர் இருக்க வேண்டும். தன் பறையோடு அவன் வர வேண்டும்.